ராக்கெட் ஏன் குலசைக்கு வருகிறது

குலசை என்று சுருக்கமாக அழைக்கப்படும் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் அமைவது பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. "பூமத்திய ரேகைக்குப் பக்கம். அதனால் எரிபொருள் மிச்சம்." கைபேசியில் சுற்றும் குறுஞ்செய்திகளில் இது இருக்கிறது, போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் இருக்கிறது, பள்ளி மேடைப் பேச்சுகளில் இருக்கிறது. கேட்டவுடன் ஏற்கத் தோன்றும் பதில். ஆனால் குலசையைப் பொறுத்தவரை இது ஏறக்குறையப் பொருந்தாத காரணம். உண்மைக் காரணம் வரைபடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் இந்தத் தளம் எதற்கு உதவும், எதற்கு உதவாது, இதன் பாரத்தை யார் சுமக்கப் போகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்தே விளங்கும்.

முதலில் நடந்தவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். தூத்துக்குடி மாவட்டத்தில் இரண்டாவது ஏவுதளம் வரும் என்ற செய்தி 2019 இறுதியில் உறுதியானது. அப்போது இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான கே. சிவன். மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி பகுதிகளில் 2,200 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 28-ல் பிரதமர் தூத்துக்குடியிலிருந்து அடிக்கல் நாட்டினார். திட்டச் செலவு 986 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அதே நாளில் ஆர்.எச்.-200 என்ற சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்று குலசையிலிருந்து பறந்தது. 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள, வானிலை ஆய்வுக்குப் பயன்படும் ராக்கெட் அது. ஆனால் அன்றைய விவாதமெல்லாம் நாளிதழ் விளம்பரம் ஒன்றில் இடம்பெற்ற சீனக் கொடியைச் சுற்றியே போய்விட்டது. ராக்கெட்டைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 2025 ஆகஸ்ட் 27-ல் ஏவுமேடைக்கான பூமி பூஜையை, சிவனைப் போலவே கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த இன்றைய தலைவர் வி. நாராயணன் நடத்தினார். 2026 டிசம்பருக்குள் பணி முடியும், ஆண்டுக்கு 20 முதல் 25 ராக்கெட் வரை ஏவலாம் என்று அப்போது சொல்லப்பட்டது.

இனி அந்தப் பூமத்திய ரேகைக் கணக்குக்கு வருவோம்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் நிற்கும் ஒருவரை அது விநாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே கொண்டுபோகிறது. வடக்கே போகப் போக இந்த வேகம் குறையும். இப்போது நம் ராக்கெட்டுகள் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா வடக்கு அட்சரேகை 13.7 பாகையில் இருக்கிறது. அங்கே வேகம் சுமார் 452 மீட்டர். குலசை 8.4 பாகையில், இங்கே 460 மீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விநாடிக்கு எட்டே மீட்டர். 500 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் கீழே விழாமல் சுற்றுவதற்குத் தேவையான வேகம் விநாடிக்கு 7,600 மீட்டர். அதில் எட்டு மீட்டரை மிச்சப்படுத்துவதற்காக யாரும் 986 கோடி ரூபாய் செலவிட்டு இன்னொரு தளம் கட்ட மாட்டார்கள்.

அந்த எட்டு மீட்டரும்கூடக் கிழக்கே ஏவினால்தான் லாபம். குலசையிலிருந்து கிளம்பும் ராக்கெட் தெற்கே, சற்று மேற்குப் பக்கம் சாய்ந்து போகப்போகிறது. நீரோட்டத்தோடு படகு விட்டால் துடுப்புக்கு வேலை குறைவு. ஓட்டத்தைக் குறுக்கே வெட்டி, கொஞ்சம் எதிர்த்தும் போக வேண்டுமென்றால் அதே ஓட்டம் தொல்லையாகிறது. பக்கத்து மணப்பாட்டுக் கடலில் வலை போடுகிற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தெற்கே போகிற ராக்கெட்டுக்குப் பூமியின் கிழக்கு வேகம் உதவியே இல்லை, கழிக்க வேண்டிய பாக்கி. அந்தக் கணக்கில் குலசை ஸ்ரீஹரிகோட்டாவைவிட ஒரு துளி பின்தங்கித்தான் இருக்கிறது.

அப்படியானால் ஏன் தெற்கே போக வேண்டும்?

பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை வடதுருவம், தென்துருவம் இரண்டையும் ஒட்டிச் சுற்றுகின்றன. செயற்கைக்கோள் வடக்குத் தெற்காகச் சுற்ற, அடியில் பூமி கிழக்கே உருள, ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் வேறொரு பட்டை அதன் கண்ணுக்குக் கீழே வருகிறது. 500 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நாளைக்கு 15 சுற்று. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பூமி சீரான உருண்டை அல்ல. இடுப்புப் பக்கம் சற்றுப் பருத்தது. நிலநடுக்கோட்டில் எடுத்த விட்டம் துருவங்களுக்கிடையே எடுத்த விட்டத்தைவிட ஏறக்குறைய 43 கிலோமீட்டர் அதிகம். அந்தப் பருமனின் ஈர்ப்பு செயற்கைக்கோளின் சுற்றுப்பாதையைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். பாதையின் சாய்வைச் சுமார் 97.4 பாகையாக அமைத்தால், அந்தத் திருப்பம் நாளுக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாக வரும். ஓராண்டில் முழுச் சுற்று. பூமி சூரியனைச் சுற்றும் கணக்கும் அதுதான். விளைவு, அந்தச் செயற்கைக்கோள் எந்த ஊரைக் கடந்தாலும் அந்த ஊரின் நேரப்படி ஏறத்தாழ ஒரே மணிக்குக் கடக்கும். ஜனவரியில் காலை பத்தரை என்றால் ஜூலையிலும் காலை பத்தரை. சூரிய ஒத்திசைவுப் பாதை என்று இதற்குப் பெயர்.

நிழல் விழும் நேரம் ஒன்றாக இருந்தால்தான் போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். தூத்துக்குடி உப்பளங்கள் எவ்வளவு விரிந்தன, கரை எங்கே அரிக்கப்பட்டது, தாமிரபரணிப் பாசனத்தில் நெல் எத்தனை ஏக்கர் என்றெல்லாம் மேலிருந்து அளப்பவர்களுக்கு இந்தப் பாதை இன்றியமையாதது. உலகம் முழுவதும் சிறு செயற்கைக்கோள் செய்யும் நிறுவனங்கள் போட்டி போட்டுக் கேட்பதும் இதைத்தான்.

அந்தப் பாதைக்குப் போக வேண்டிய ராக்கெட், பூமியின் சுழற்சியையும் கழித்துப் பார்த்தால், நேர் தெற்கிலிருந்து ஏறக்குறைய பத்துப் பாகை மேற்கே சாய்ந்து கிளம்ப வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் நின்றுகொண்டு அந்தத் திசையில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சென்னையின் மேலே போகும், புதுச்சேரியைத் தொடும், காவிரி டெல்டாவைக் கடந்துதான் கடலில் இறங்கும். சரி, சாய்க்காமல் நேர் தெற்கே இழுத்தால்? ஸ்ரீஹரிகோட்டாவின் தீர்க்கரேகையும் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையின் தீர்க்கரேகையும் ஏறக்குறைய ஒன்று. கோடு இலங்கையின் வட முனையில் போய் முட்டும். ராக்கெட்டின் முதல் அடுக்கும் இரண்டாம் அடுக்கும் எரிந்து முடிந்ததும் கழன்று கீழே விழுபவை. ஏவிய சில நிமிடங்களில் ஏதாவது கோளாறு என்றால் முழு ராக்கெட்டையுமே நடுவானில் உடைத்துவிட வேண்டிவரும். மக்கள் வாழும் நிலத்தின் மேலே அதைச் செய்ய முடியாது.

இந்தச் சிக்கலை இஸ்ரோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சமாளித்து வருகிறது. இந்தியாவின் முதல் செயல்பாட்டுத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச்சில் சோவியத் ராக்கெட்டில், பைக்கானூரிலிருந்துதான் போனது. நம் கையில் அதற்கேற்ற ராக்கெட் அப்போது இல்லை. அதற்கென உருவான பி.எஸ்.எல்.வி. 1993-ல் முதல் முயற்சியில் தோற்று, 1994 அக்டோபரில் வென்றது. அது துருவப் பாதைக்குப் போகும்போது முதலில் தென்கிழக்கே, வங்கக் கடலின் மேலே கிளம்பும். இலங்கையை வலப்பக்கம் விட்டுத் தாண்டிய பிறகு தெற்கே திரும்பும். நேரடி ஒளிபரப்பில் திரையில் தெரியும் பாதைக்கோடு ஓரிடத்தில் வலப்பக்கம் வளைவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வளைவு இலங்கைக்காகப் போடப்பட்டது.

திரும்புவது சும்மா நடப்பதில்லை. ஒரு விநாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பொருளை, வேகம் குறையாமல் 50 பாகை திருப்ப வேண்டுமென்றால், விநாடிக்கு 1.7 கிலோமீட்டர் அளவுக்குக் கூடுதல் வேகமாற்றம் கொடுக்க வேண்டும். இது எளிய முக்கோணக் கணக்கு. சுற்றுப்பாதை வேகத்தை எட்டிய பிறகு திருப்பினாலோ 6 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அதனால்தான் சீக்கிரமே திரும்பிவிடுகிறார்கள். திட எரிபொருள் ராக்கெட்டின் வாயு விநாடிக்குச் சுமார் 2.8 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. அதை வைத்துப் பார்த்தால் அந்த 1.7 கிலோமீட்டருக்கான விலையாக, மேலே போய்ச் சேரும் மொத்த எடை பாதியளவுக்குச் சுருங்கும். உண்மையான பறத்தலில் திருப்பத்தைப் பல கட்டமாகப் பரப்பிச் செய்வதால் எண்கள் மாறும். ஆனால் இழப்பின் அளவு இந்த வரிசையில்தான் இருக்கும்.

பி.எஸ்.எல்.வி. 320 டன் எடையுள்ள ராக்கெட். இந்த இழப்பைத் தாங்கிக்கொண்டும் 1,750 கிலோவைச் சூரிய ஒத்திசைவுப் பாதைக்குக் கொண்டுபோகும். குலசையிலிருந்து ஏவப்படவிருக்கும் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. அப்படியல்ல. 34 மீட்டர் உயரம், 2 மீட்டர் விட்டம், 120 டன் எடை. மூன்று திட எரிபொருள் அடுக்குகளும், கடைசியில் வேகத்தைச் சரிசெய்ய ஒரு சிறு திரவ எரிபொருள் பகுதியும் கொண்டது. சாதகமான திசையில் 500 கிலோமீட்டர் உயரத்துக்கு 500 கிலோ தூக்கும். துருவப் பாதைக்குப் போனால் அதுவும் குறையும். இதில் திருப்பத்தின் இழப்பையும் ஏற்றினால், காலியான கடைசி அடுக்கின் கூடு மேலே போய்ச் சேரும். செயற்கைக்கோளுக்கு இடம் மிஞ்சாது. சிறிய ராக்கெட்டைத்தான் இலங்கை அதிகம் தண்டிக்கிறது.

இதுவரை நடந்த எஸ்.எஸ்.எல்.வி. பறத்தல்களே இதற்குச் சாட்சி. முதலாவது 2022 ஆகஸ்ட் 7-ல். இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வால் முடுக்கத்தை அளக்கும் கருவிகள் கணப்பொழுது தடுமாற, 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதில் ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்த நீள்வட்டத்தில் செயற்கைக்கோள்கள் விடப்பட்டு அழிந்தன. நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் செய்த ஆசாதிசாட்டும் அதில் போயிற்று. திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளும் அதில் பங்கேற்றவர்கள் என்பதால் நமக்கு அது கூடுதல் வலி. 2023 பிப்ரவரி 10-ல் இரண்டாம் பறத்தல் வெற்றி. அதில் ஆசாதிசாட்-2 போய்ச் சேர்ந்தது. 2024 ஆகஸ்ட் 16-ல் மூன்றாவதும் வெற்றி. மூன்றும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, மூன்றும் சுமார் 37 பாகைச் சாய்வுள்ள பாதைகளுக்கு. சந்தை கேட்கும் துருவப் பாதைக்கு எஸ்.எஸ்.எல்.வி. அந்த மூன்றில் ஒருமுறைகூடப் போகவில்லை.

இப்போது குலசையில் நின்று அதே கோட்டை இழுப்போம். தெற்கிலிருந்து பத்துப் பாகை மேற்கே சாய்த்தால் கோடு கரையிலிருந்து உடனே கடலுக்குள் இறங்கிவிடுகிறது. இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது. மாலத்தீவு மேற்கே சில பாகை தள்ளி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே நிலநடுக்கோட்டைக் கடந்து இந்தியப் பெருங்கடலின் பெருவெளிக்குப் போனால், அண்டார்டிகா வரை கண்ணில் படுவன ஓரிரு தீவுகள் மட்டுமே. வளைவு வேண்டாம், திருப்பம் வேண்டாம். எஸ்.எஸ்.எல்.வி. தன் முழுப் பலத்தையும் சுமைக்கே செலவிடலாம். சூரிய ஒத்திசைவுப் பாதைக்குச் சுமார் 300 கிலோ என்று சொல்லப்படுவது இந்த நேர்வழியை நம்பித்தான்.

இதே வரைபடம் குலசையின் எல்லையையும் காட்டுகிறது. நேர் கிழக்கில் தொடங்கித் தென்கிழக்கு வரை இலங்கை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பூமியின் சுழற்சியை முழுதாகப் பயன்படுத்தும் பறத்தல்கள், அதாவது தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களை 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்புபவை, கிழக்கே போக வேண்டியவை. அவை குலசையிலிருந்து கிளம்ப முடியாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் எந்தப் பறத்தலுக்கு நன்மையோ அந்தப் பறத்தலுக்குத்தான் இங்கே வழியில்லை. ஸ்ரீஹரிகோட்டா மூடப்படும் என்ற பேச்சும் இதனால் அடிபட்டுப் போகிறது. அங்கே மூன்றாவது ஏவுமேடைக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜனவரியில் 3,984.86 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. கனரக ராக்கெட்டும் மனிதரைச் சுமக்கும் ராக்கெட்டும் அங்கிருந்தே போகும். குலசை ஒரே திசைக்கான, ஒரே அளவு ராக்கெட்டுக்கான தளம். அதன் பெருமையும் அதுதான்.

பூமத்திய ரேகைப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. 1963 நவம்பர் 21-ல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் பறந்தது. தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது. அந்தக் கோட்டின் மேலே வானில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய்வது அப்போதைய நோக்கம். காந்த நடுக்கோடு வேறு, நிலநடுக்கோடு வேறு. அறுபது ஆண்டுகளாகப் பாடப்புத்தகத்தில் படித்த அந்தக் காரணத்தைக் கொஞ்சம் மாற்றி நாம் குலசைக்கும் ஒட்டவைத்துவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

அண்டை நிலம் ராக்கெட்டின் வழியைத் தீர்மானிப்பது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1960 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து தெற்கே ஏவிய ராக்கெட் ஒன்றின் சிதறல்கள் கியூபாவில் விழுந்து, ஒரு பசு செத்ததாகப் பெரும் சர்ச்சையாயிற்று. துருவப் பறத்தல்களுக்குக் கலிஃபோர்னியக் கரையே வழக்கமான இடமாயிற்று. ஃபுளோரிடாவிலிருந்து 1969-க்குப் பிறகு 2020-ல்தான் மறுபடி ஒன்று துருவப் பாதைக்குப் போனது. இஸ்ரேலோ 1988 முதல் மேற்கே, மத்தியதரைக் கடல் பக்கம், பூமியின் சுழற்சிக்கு எதிராகவே ஏவிவருகிறது. கிழக்கே ஏவினால் அண்டை நாடுகளின் தலைக்கு மேலே போக வேண்டும்.

வரைபடத்தில் வழி திறந்திருந்தால் போதாது. கீழே நிலமும் வேண்டும். குலசைக்கும் பெரியதாழைக்கும் இடைப்பட்ட கரையில் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. உள்ளே செம்மணல் தேரி, பனங்காடு. அரசுக் குறிப்புகளில் இத்தகைய நிலம் தரிசு என்றே பதிவாகும். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தப் பனைகளால். நூறாண்டுக்கு முன் பனை வெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்க குலசையில் ஆலை நடந்தது. அதற்காகவே திருச்செந்தூரிலிருந்து குலசை, உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை பாரி கம்பெனி குறுகிய தண்டவாளத்தில் ஒரு ரயிலை ஓட்டியது. 1940-ல் அது நின்றது. அதற்கும் வெகு முன்னால் பாண்டியர் துறைமுகம். மாறவர்மன் குலசேகரன் பெயரையே ஊர் சுமக்கிறது. 1942-ல் உப்பளத்தில் ஆங்கிலேய அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கில் நாடே இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. இன்று தசராவுக்கு முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, காளியாகவும் குறத்தியாகவும் குரங்காகவும் வேஷம் கட்டி, தென்மாவட்டங்களிலிருந்து லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். இப்படிப்பட்ட இடத்தை வெறும் நிலம் என்று எழுதுவது தவறு.

கடலுக்கு வருவோம். ஏவும் நாளில் ராக்கெட்டின் வழிக்குக் கீழே படகு நிற்கக் கூடாது. கொழும்பிலிருந்து மேற்கே போகும் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் முன்னறிவிப்பு போகும், அவை தள்ளிப்போய்விடும். மணப்பாடு, ஆலந்தலை, பெரியதாழை நாட்டுப்படகுகள் எங்கே தள்ளிப்போகும்? அவர்கள் தொழில் அந்தக் கரையோரக் கடலில்தான். ஆண்டுக்கு 20 முதல் 25 ஏவல்கள் என்றால் குறைந்தது அத்தனை நாள் அந்தக் கடல் மூடப்படும். காற்றோ கருவியோ சரியில்லாமல் ஏவல் தள்ளிப்போனால் அந்த நாளும் போச்சு. ஒருகாலத்தில் முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்ற கடல் இது. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தத் தொழிலை இழந்த கரைக்கு மீன்பிடி நாள்கள் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கும் அரசு, அந்தக் காலத்துக்கு நிவாரணத் தொகையும் தருகிறது. கடலை மூடினால் ஈடு கொடுப்பது என்ற நெறி ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. ஏவல் நாளுக்கும் அதே நெறி பொருந்த வேண்டும். இதைச் செய்வதற்கு இப்போது வழியும் இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.வி. தயாரிப்பு இஸ்ரோவின் கையைவிட்டுப் போகிறது. 511 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் அதைப் பெற்றது, தொழில்நுட்பத்தை மாற்றித் தரும் ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் கையெழுத்தானது. சென்னையின் அக்னிகுல் போன்ற தனியார் நிறுவனங்களும் ராக்கெட் செய்கின்றன. இனி குலசையிலிருந்து போவதில் பெரும்பகுதி வணிகப் பறத்தல். வாடிக்கையாளர் கட்டும் ஏவல் கட்டணத்தில் கடல் மூடல் ஈட்டையும் ஒரு செலவாகச் சேர்ப்பது பெரிய சுமையல்ல.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை இந்தக் கரை மக்கள் தெரிந்துகொள்வது நல்லது. விண்வெளிப் பொருள்களால் வரும் சேதத்துக்கான 1972-ம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியா ஏற்றிருக்கிறது. அதன்படி நம் ராக்கெட் இலங்கை மண்ணில் விழுந்து ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், யார் தவறு என்ற கேள்வியே இல்லாமல் இந்தியா ஈடு கட்ட வேண்டும். ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது என்று அதன் ஏழாம் பிரிவு சொல்கிறது. இலங்கையின் பேசாலைக்காரருக்கு உள்ள பாதுகாப்பு பெரியதாழைக்காரருக்கு அந்த ஒப்பந்தத்தால் கிடைக்காது. அதை உள்நாட்டுச் சட்டம்தான் தர வேண்டும். 2017-ல் விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா ஒன்று வரைவாக வெளிவந்தது. 2023-ல் விண்வெளிக் கொள்கை வந்தது. கொள்கை சட்டமாகாது.

சுற்றுச்சூழலையும் பார்க்க வேண்டும். ராமேசுவரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தின் கரையில்தான் குலசை இருக்கிறது. திட எரிபொருளில் அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும் உண்டு. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் அலுமினிய ஆக்சைடும் வெளிவரும். பெரும்பகுதி உயரத்தில் கலைந்துவிடும். மேடையை ஒட்டி ஒரு பகுதி படியும். எத்தனை ஏவலுக்கு எவ்வளவு படிகிறது, கிணற்று நீரிலும் கரையோர நீரிலும் மாற்றம் உண்டா என்று முதல் ஏவலுக்கு முன்பே அளந்து அடிக்கணக்கு எடுத்து வைத்தால்தான் பிறகு வரும் எந்தக் கேள்விக்கும் நேர்மையான பதில் சொல்ல முடியும். அந்தக் கணக்கு தமிழில் ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஏற்ற விண்வெளித் தொழில் கொள்கை ஐந்தாண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடும் 10,000 பேருக்கு வேலையும் இலக்கு என்கிறது. ஏவுமேடை மட்டும் அவ்வளவு வேலை தராது. பாகங்கள் செய்யும் பட்டறைகளும் செயற்கைக்கோள் படங்களைப் படித்துச் சொல்லும் நிறுவனங்களும் இந்த மாவட்டத்திலேயே வந்தால்தான் அந்த எண் உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் எட்டும். அதற்கு இப்போதே இங்குள்ள தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கல்லூரிகளிலும் பாடம் தொடங்க வேண்டும்.

குலசையைப் பற்றி உங்கள் பிள்ளை கேட்டால் உலக வரைபடத்தை விரித்து, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு கோடும் குலசையிலிருந்து ஒரு கோடும் தெற்கே இழுக்கச் சொல்லுங்கள். விடையை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இஸ்ரோவுக்கும் அரசுக்கும் வைக்க வேண்டிய கோரிக்கை மூன்று: ஏவல் நாளைப் பத்து நாள் முன்னதாகத் தமிழில் கரையோர ஊர்களுக்கு அறிவியுங்கள், தசரா நாள்களை விட்டுவிடுங்கள், கடல் மூடப்படும் ஒவ்வொரு நாளுக்கும் நாட்டுப்படகுக்காரருக்கு ஈடு தருவதை முதல் எஸ்.எஸ்.எல்.வி. கிளம்பும் முன்பே சட்டமாக்குங்கள்.